சாயம் என்று நினைத்தது

பொதட்டூர்பேட்டையில் நூலுக்குச் சிவப்புச் சாயம் போடக் கங்காதரனை விட்டால் ஆள் கிடையாது. லுங்கி கிழிந்து நைந்துபோகும், அவர் போட்ட சிவப்பு மட்டும் வெளுக்காது. அந்தப் பெருமையில் மனிதர் கொஞ்சம் அலட்டவும் செய்வார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் கெட்டுப்போயின. வாரம் இருமுறை திருத்தணியில் ரயிலேறி, மெட்ராஸில் மெஷின் வைத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வருவார். மறுநாளே சாயத் தொட்டியில் கைவிடுவார். சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

அடுத்த ஆடியில் முகம் வெளுத்தது, மூச்சு வாங்கியது. கிட்னிக்காரருக்கு அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். தை மாதம் வயிறு உப்பி, சாப்பிட்டதெல்லாம் வாந்தியாக வந்தபிறகுதான் குடலைப் பார்த்தார்கள்.

டாக்டர், கங்காதரனின் மனைவி தேவகியைத் தனியாகக் கூப்பிட்டார். பெருங்குடலில் புற்று, ஈரல் வரைக்கும் பரவிவிட்டது என்றார்.

"வெளிக்குப் போறப்ப ரத்தம் போச்சாம்மா?"

"இல்லிங்களே."

"துணியில கறை எதுவும்?"

தேவகிக்கு அப்போதுதான் உறைத்தது. ஆறு மாதமாகக் கறை இருந்தது. சாயக்காரர் லுங்கியில் சிவப்பு இல்லாமல் வேறென்ன இருக்கும் என்று அவளும் துவைத்துப் போட்டாள். ஒரு கசக்கிலேயே போனது. "இன்னாங்க, உங்க சாயம் இப்பல்லாம் நிக்கமாட்டேங்குது" என்று கேலி வேறு. அவர் முகம் சுருங்கி, மறுநாள் தொட்டியில் சாயத்தூளைக் கூட்டிப் போட்டார். அது சாயமே இல்லை என்று இருவருக்கும் தோன்றவில்லை. பாவி, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். "அடைப்ப ஆபரேஷன்ல சரி பண்ணலாம். பரவினதுக்கு ஊசி மருந்து இருக்கு. ஆனா கிட்னி இல்லாதவருக்கு எவ்ளோ குடுக்கறதுன்னு நான் படிச்ச எதுலயும் இல்லம்மா. கூடிப்போச்சுன்னா மருந்தே ஆளக் கொன்னுடும்."

கட்டிலில் கிடந்த கங்காதரனிடம் அழுதுகொண்டே சொன்னாள். அவர் அசரவில்லை.

"புதுச் சாயம் வந்தா ஒரு சிட்டம் நூல்ல போட்டுப் பாக்கறதில்ல? எம்மேல போட்டுப் பாக்கச் சொல்லு. எவ்ளோ போட்டா இன்னா ஆவுதுன்னு எழுதிக்கினு வரச் சொல்லு."

ஆபரேஷன் முடிந்து புண் ஆறியதும், ஒவ்வொரு முறை மெஷின் வைத்த மறுநாளும் ஊசி மருந்தைக் கொஞ்சமாகப் போட ஆரம்பித்தார்கள். மூன்று ஊசி தாங்கினார். நாலாவதற்கு அளவைச் சற்றுக் கூட்டினார்கள். வாயெல்லாம் புண், தண்ணீர்கூட இறங்கவில்லை. ஒன்பதாம் நாள் போய்விட்டார்.

தேவகி அழவில்லை. நோட்டில் எழுதிக்கொண்டிருந்த டாக்டர் முன்னால் போய் நின்றாள்.

"அளவு தெரிஞ்சிச்சுங்களா?"

டாக்டர் நிமிரவில்லை. "இன்னும் இல்லம்மா."