எபிஃபானியோ கூப்பிட்டுவிட்டான்

எங்கள் சமார் தீவுக் கரையில், சாப்பிடும்போது யாராவது வாசலைக் கடந்தால் ‘வாங்க, சாப்பிடலாம்’ என்று கூப்பிட வேண்டும். கடப்பவர் ‘இப்பத்தான் ஆச்சு’ என்று சொல்லிவிட்டு நிற்காமல் போக வேண்டும். படகு எஞ்சின் பழுதுபார்க்கும் எபிஃபானியோ இந்த மரியாதையை அளவுக்கு மீறிச் செய்பவன். பல்வலிக்கு உப்புத் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டே பாதிரியாரைச் சாப்பிடக் கூப்பிட்டவன்.

அவனுடைய ஒரே மகள் ரொவெலினைப் பெண் கேட்டு எதிர்த் தீவிலிருந்து வருவதாக இருந்தது. பையனின் தாய் செனைடா பள்ளித் தலைமையாசிரியை. தண்ணீர்க் குவளையில் எறும்பு கிடந்ததற்காக ஒரு சம்பந்தத்தையே முறித்தவள். அதனால் எபிஃபானியோவின் மனைவி நெனித்தா விடியலிலிருந்து சமைத்தாள். சுட்ட மீன், வினிகரில் ஊறிய மீன், பன்றிக் கறி, ஒரு பெரிய பானைச் சோறு. எபிஃபானியோவின் அப்பாவுக்குக் கால் புண். கட்டு மாற்ற, ஊர் நர்ஸான நான் அங்கே போயிருந்தேன். இந்தக் கரையில் எல்லோருக்கும் நான் ‘மானா’, அக்கா.

எபிஃபானியோ ஒரு துண்டு மீனை வாயில் போட்டபடி வாசலில் நின்றான். பாய் கிழிந்ததால் எங்கள் துறையில் ஒதுங்கியிருந்த பாய்மரப் படகு வெள்ளைக்காரத் தம்பதி டங்கனும் மோராவும் அவ்வழியே வந்தார்கள். அவன் கையை வாய்க்குக் கொண்டுபோய்க் காட்டிக் கூப்பிட்டான். அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து மேசையில் உட்கார்ந்தார்கள்.

நெனித்தா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “யாருய்யா இவங்க?”

“சும்மா கூப்பிட்டேன். வந்துட்டாங்க.”

“கூப்பிட்டா வந்துருவாங்களா?”

“எனக்கென்ன தெரியும்? இதுவரைக்கும் யாரும் வந்ததில்லையே.”

உட்கார்ந்தவரை எழுப்ப முடியுமா? பரிமாறினாள். தட்டில் வைத்ததை மிச்சம் வைக்காமல் தின்பது அவர்கள் ஊர் மரியாதை போலிருக்கிறது. காலித் தட்டைக் கண்டால் நிரப்புவது எங்கள் மரியாதை. இரண்டும் மோதியதில் மீன், கறியோடு பானையும் காலியானது. வாரக்கணக்கில் டப்பா உணவு தின்றவர்கள், குறை சொல்வதற்கில்லை. சாப்பிட்டு முடித்ததும் தாங்களாகவே பாத்திரங்களை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனார்கள்.

அப்போதுதான் துறையில் எஞ்சின் சத்தம் கேட்டது. ரொவெலின் அழத் தயாரானாள். “முகத்தைக் கழுவு, அழறதுக்கு அப்புறம் நேரமிருக்கு” என்றேன்.

செனைடாவும் கணவர் லாதிஸ்லாவோவும் பையனும் கள்ளுக் கேனோடு படியேறினார்கள். எபிஃபானியோவின் வாய் தானாகத் திறந்தது. “வாங்க, சாப்பிடலாம்.”

நெனித்தா கண்ணை மூடிக்கொண்டாள்.

“இருக்கட்டும். இப்பத்தான் சாப்பிட்டுட்டுக் கிளம்பினோம்” என்றாள் செனைடா, முறைப்படி. லாதிஸ்லாவோ திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தார்.

பெண் வீட்டார் இரண்டு மூன்று தடவை வற்புறுத்த வேண்டும், வந்தவர்கள் இறங்கிவர வேண்டும், அதுதான் நடைமுறை. செனைடா காத்திருந்தாள். எபிஃபானியோ பிறந்ததிலிருந்து முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டான்.

வெறும் வயிற்றில் கள் இறங்கியது. சாயங்காலம் வரை இழுக்க வேண்டிய பேச்சு சறுக்கிக்கொண்டு ஓடியது. எந்தக் கோயில், எந்த மாதம் என்று எது கேட்டாலும் லாதிஸ்லாவோ “சரி” என்றார்.

கொல்லையைப் பார்த்துவிட்டு செனைடா கேட்டாள். “அந்த வெள்ளைக்காரங்க யாரு?”

“பாத்திரம் தேய்க்கிறாங்க” என்றேன். அந்த நேரத்துக்கு அது உண்மை. அவள் முகத்தில் மதிப்பு கூடியது. கூடவே வியர்த்தது, விரல்கள் நடுங்கின. சர்க்கரை வியாதிக்காரி. வயிறு காய்ந்தால் சர்க்கரை இறங்கி இப்படித்தான் ஆகும். என் மருந்துப் பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டினேன்.

“வேண்டாம் மானா, வயிறு நிறைஞ்சிருக்கு.”

“இது சாப்பாடு இல்லம்மா. மருந்து. வாயைத் திற.”

திறந்தாள். மிட்டாய் முடிந்ததும் பிஸ்கட் கொடுத்தேன். அதுவும் மருந்துதான். லாதிஸ்லாவோ நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார்.

“மானா, எனக்கும் அதே வியாதிதான்.”

“எப்பலேருந்து?”

“இந்தக் கரையில காலை வச்சதுலேருந்து.”

பையில் இருந்த பிஸ்கட் முழுவதும் அவருக்கே போனது. அதை மென்றுகொண்டே கல்யாணத் தேதிக்கும் தலையாட்டினார். எபிஃபானியோ இன்னும் வாயைத் திறக்கவில்லை.

படகில் ஏறும்போது செனைடா நெனித்தாவின் காதருகே குனிந்தாள்.

“கல்யாணத்தன்னிக்கு நாங்க சாப்பிட்டுட்டு வரமாட்டோம். இப்பவே சொல்லிட்டேன்.”