எங்கள் வீட்டு பி.பி. நம்பர்

எங்கள் தெருப் பிள்ளையாருக்குக் கும்பாபிஷேகம் வருகிறது. விழா மலர் போடுகிறார்கள். அதில் ‘நமது தெருவின் வரலாறு’ என்று நான்கு பக்கம் எழுதித் தர வேண்டும் என்று விழாக் குழுவினர் சேலத்தில் இருக்கும் என் வீடு தேடி வந்து கேட்டுக்கொண்டார்கள். பத்திரிகையில் நகைச்சுவைக் கட்டுரை எழுதிப் பிழைக்கிறவனிடம் வரலாறு கேட்கிறார்களே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர்கள் முதலில் கேட்ட ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியாருக்குக் கண் ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கு வரலாறு உண்டு. மலை இருக்கிறது, மேலே கோயில் இருக்கிறது, கல்வெட்டெல்லாம் இருக்கின்றன. எங்கள் தெருவுக்கு அப்படி எதுவும் கிடையாது. எழுத்து வெட்டிய கல் ஒன்றே ஒன்றுதான்: வெள்ளைக்காரன் காலத்து மைல்கல். ரோடு போடும்போதெல்லாம் அது நாலு விரற்கடை தாருக்குள் இறங்கும். இப்போது உச்சி மட்டும் யாரோ பெரியவரின் வழுக்கை போல வெளியே தெரிகிறது. அதில் கால் இடறி விழுந்தவர்களின் பட்டியலை எடுத்தால் தெருவின் வரலாறு பாதி முடிந்துவிடும்.

மீதிப் பாதி ரிக் லாரி. போர்வெல் போடும் வண்டியோடு ஆண்கள் ஆந்திரா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று கிளம்பிவிடுவார்கள். கண்ட ஊர்ப் பூமியிலெல்லாம் ஓட்டை போட்டுவிட்டு வைகாசித் தேருக்கும் தீபாவளிக்கும்தான் திரும்புவார்கள். மற்ற மாதங்களில் எங்கள் தெருவில் ஆண்கள் என்றால் பூசாரி, நாங்கள் நாலைந்து அரை டிராயர் வீரர்கள், ரிக் வண்டிகளுக்கு வேலை பிடித்துத் தரும் ஏஜெண்டான என் அப்பா. அவரும் பகலில் லாரி ஸ்டாண்டில்தான் இருப்பார்.

ஏஜெண்ட் வீடு என்பதால் எங்களிடம் போன் இருந்தது. தெருவுக்கே அது ஒன்றுதான். தெருவில் யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றாலும் கீழே எங்கள் நம்பர் இருக்கும். பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பி.பி. என்று போட்டிருக்கும். அந்த இரண்டு எழுத்துக்கு என்ன விரிவு என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். என்ன பொருள் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை: போன் இங்கே, ஆள் பக்கத்தில், கூப்பிட்டுக் கொடுப்பார்கள்.

அதற்கு ஒரு முறை இருந்தது. வடக்கேயிருந்து எஸ்.டி.டி. போட்டு “ஊட்ல கூப்புடுங்கக்கா” என்பார்கள். “பத்து நிமிசம் கழிச்சுப் போடுங்க” என்று அம்மா வைத்துவிடுவாள். நான் ஓடிப்போய்ச் சொல்வேன். அந்த வீட்டுப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்து போனுக்குக் கீழே உட்கார்ந்துகொள்வாள். அம்மா டீ போட்டுக் கொடுத்துவிட்டுச் சமையலறைக்குள் போய் இல்லாத பாத்திரத்தைத் தேடுவாள். காது மட்டும் கூடத்திலேயே இருக்கும். கேட்டது எதையும் வெளியே சொன்னதில்லை. தெருவின் பாதிக் குடும்பம் அந்த ஒரு வயரில்தான் நடந்தது. அம்மா அதற்குக் காவல்.

எதிர்வீட்டு அக்காவுக்கு மட்டும் போன் வராத நாளிலும் எங்கள் வீட்டில் இடமுண்டு. கல்யாணமாகி இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. கணவர் ரிக் வண்டியில் துளை போடும் டிரில்லர். அக்கா காலையில் கோலம் போட்டதும் வந்தால் அடுப்பு மூட்டும் நேரத்துக்குத்தான் போவார். அம்மாவும் அவரும் அமாவாசை தோறும் மலைக்குப் படியேறிப் போவார்கள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்தால் நிற்காது. அவளைச் சிரிக்க வைக்கும் வித்தை அக்காவிடம் மட்டும்தான் இருந்தது. எனக்கு அது கைவரவே இல்லை. இத்தனைக்கும், பிற்காலத்தில் நான் அதையே தொழிலாக வைத்துக்கொண்டேன்.

அந்த வருஷம் அக்காவுக்கும் கணவருக்கும் சண்டை. போன ஊரிலேயே ஆறு மாதம் கிடக்கிறாரே ஏன் என்று அக்கா கேட்க, அவர் சோற்றில் கை வைக்காமல் எழுந்து வண்டி ஏறிவிட்டார். இரண்டு மாதம் போன் இல்லை. தேருக்கு ஒரு வாரம் இருக்கும்போது அது அடித்தது.

அம்மா மண்ணெண்ணெய் வரிசையில் நின்றிருந்தாள். எனக்குப் பதினொரு வயது. டிவியில் கிரிக்கெட், கடைசி இரண்டு ஓவர். எடுத்தேன்.

“அக்கா, நான்தான். அவளக் கொஞ்சம் கூப்புடுங்க” என்றது எதிர்வீட்டுக்காரரின் குரல். குரல் உடையாத வயதில் போனில் நானும் அம்மாவும் ஒன்றுதான். எல்லாருமே என்னை அக்கா என்பார்கள். அன்று நான் திருத்தவில்லை. கூப்பிடப் போனால் முப்பது அடி தூரம். ஆனால் பத்து நிமிஷத்தில் மறுபடி போன் வரும், அக்கா வந்து உட்காருவார், டிவியை நிறுத்த வேண்டும். அக்கா கோயிலுக்குப் போயிருக்கிறார் என்று சொன்னால் கணவர் அரை மணியில் திரும்பக் கூப்பிடுவார். தூரமான இடம் ஒன்று தேவைப்பட்டது.

“அவங்க அம்மா ஊட்டுக்குப் போயிட்டாங்க” என்றேன்.

அந்தப் பக்கம் கரகரவென்று வெறும் சத்தம். “எப்ப வருவா?”

“தெரியலீங்க.”

வைத்துவிட்டார். மேட்சில் நாம் தோற்றோம். அதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு அம்மா வீடு என்றால் பலகாரம், பள்ளிக்கூட லீவு. சண்டை போட்டுவிட்டுப் போன கணவனுக்கு, ‘அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்’ என்பது ஒரு தீர்ப்பு. எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் ஊரைக் கூட்டிப் பேசுவதுதான் பாக்கி. அது எனக்குத் தெரியாது. தெரியாமல் செய்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். மற்றதெல்லாம் தெரிந்தே செய்தது.

அக்கா அந்த வாரம் முழுக்க வீட்டுக்கு வெள்ளையடித்தார். தினமும் வந்து “போன் வந்துச்சுங்களாக்கா?” என்று கேட்பார். “வல்லியே கண்ணு. வந்தா அனுப்பமாட்டனா?” என்று அம்மா சொல்வாள். அவள் சொன்னது அவளுக்குத் தெரிந்த வரையில் நிஜம். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்த வாரம் என் கையெழுத்து மிக நன்றாக இருந்தது.

தேர் நிலைக்கு வந்தது. எதிர்வீட்டுக்காரர் வரவில்லை. தீபாவளிக்குத்தான் வந்தார். இரண்டே நாள். எதிர்வீட்டிலிருந்து சத்தம் கேட்டது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. மூன்றாம் நாள் வண்டி ஏறிவிட்டார். அன்று மாலை, அக்கா வாங்கிப் போயிருந்த எங்கள் குழம்புச் சட்டி வாசற்படியில் இருந்தது. கழுவித் துடைத்து, காலியாக. இரவல் பாத்திரத்தை ஒரு பிடி சர்க்கரையாவது போடாமல் யாரும் திருப்புவதில்லை. அம்மா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தபடி வெகுநேரம் நின்றாள்.

“வெறுஞ்சட்டியா வெச்சுட்டுப் போயிருக்கா. நான் என்னடா தப்புப் பண்ணேன்?”

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தொடர்ந்து சாப்பிட்டேன்.

அக்கா அதன்பிறகு எங்கள் வாசல் மிதிக்கவில்லை. அம்மா ஒரு முறை போய்க் கதவைத் தட்டினாள். திறக்கவில்லை. இரண்டாம் முறை போகிற ஜாதி இல்லை அவள். ஆனால் அந்தக் கேள்வியை விடவில்லை. அரிசி களையும்போது, தலை வாரும்போது, பிறகு நான் சேலத்துக்குக் குடிபோன பின் போனில்: “நான் என்னடா தப்புப் பண்ணேன்?” விட்டுத் தள்ளும்மா என்பேன். எதிர்வீட்டுக்காரர் வருவது வருஷத்துக்கு ஒரு தடவையாகி, அதுவும் நின்றது. வடக்கே வேறு குடும்பம் என்று வண்டிக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். அக்கா தையல் மெஷின் வாங்கினார்.

இதில் விசித்திரம், என்னிடம் அக்கா என்றைக்கும் ஒரே மாதிரிதான் இருந்தார். தெருவில் பார்த்தால் “ஏஞ்சாமி, எளச்சுப் போய்ட்டியே” என்பார். என் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் வைத்துக் கொடுத்திருக்கிறார். அவருக்கு விஷயம் தெரியும், சின்னப் பையன் என்று என்னை மன்னித்துவிட்டார், வீட்டின் மேல்தான் வருத்தம் என்று நான் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தேன். அந்தக் கணக்கு எனக்கு வசதியாக இருந்ததால் சரிபார்க்கவில்லை.

அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. தெருவுக்கு உடலைக் கொண்டுவந்தபோது எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது.

போன மாதம் வரலாறு எழுதுகிறேன் என்று ஒரு நோட்டோடு தெருவுக்குப் போனேன். நாலு வீட்டில் மைல்கல் பற்றி ஐந்து விதமாகச் சொன்னார்கள். கடைசியாக எதிர்வீடு. அக்காவுக்கு முடி முழுக்க வெளுத்திருந்தது. மெஷினில் யாருடைய பாவாடைக்கோ ஓரம் அடித்துக்கொண்டிருந்தார்.

“வா சாமி. வரலாறு எழுதறயாமா? எங்கிட்ட என்ன இருக்குது? நான் வந்தப்ப இந்தத் தெருவுல பன்னிதான் மேயும். எழுதிக்க.”

எழுதிக்கொண்டேன். அவரும் சிரித்தார், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு தந்த தைரியத்தில்தான் சொன்னேன். அன்றைக்கு வந்த போன், கிரிக்கெட், நான் சொன்ன பொய், எல்லாம். கட்டுரைக்காக மெருகேற்றி வைத்திருந்த வேடிக்கைகள் எதுவும் நினைவுக்கு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் குற்றம் ஒப்புக்கொள்கிற பையன் மாதிரி வரிசையாகச் சொன்னேன்.

மெஷின் நின்றிருந்தது.

“நீயா சொன்னே?”

“ஆமாங்கக்கா.”

“அவுரு உங்கம்மா சொன்னாங்கன்னுதான் சொன்னாரு. நான் எங்கயும் போகலன்னா, ‘அக்காவே சொல்லிட்டாங்க, உனக்கு இன்னும் என்ன பேச்சு’ங்கறாரு. நான் தெனமும் வந்து கேட்டப்ப ‘வல்லியே கண்ணு’ன்னாங்களே, அதையும் நெனச்சேன். பொண்டாட்டி புருசன் ஒண்ணா இருக்கறது புடிக்கல போலன்னு நெனச்சேன். என்னென்னமோ நெனச்சேன் சாமி.”

அவர் என்னை மன்னித்திருக்கவில்லை. என்மேல் அவருக்குச் சந்தேகமே வந்ததில்லை.

“பதினொரு வயசுல சொன்னதுக்கு நான் உன்னைய என்ன சொல்றது? உடு. உங்கம்மா படுக்கையில கெடந்தாங்களே, அப்ப உனக்கு என்ன வயசு?”

“நாப்பத்தேழு.”

“நாப்பத்தேழு” என்று திரும்பச் சொன்னார். திட்டவில்லை. பாவாடையை மடித்து வைத்தார். அது பாதியில் நின்ற வேலை. மடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

“அவங்க அமாவாசைக்கு மலைக்குப் போறத நிறுத்தலயே. நானும் போனேன். பின்னாலயே, இருவது படி தள்ளி. அவங்க உக்காந்தா நானும் உக்காந்துக்குவேன். ஒரு நாளாச்சும் திரும்பிப் பாத்து ‘ஏண்டி’ன்னு ஒரு வார்த்த கேட்டா, அங்கயே சட்டையப் புடிச்சுச் சண்ட போட்டுரோணும்னு இருப்பேன். ஒரு சண்ட போட்டிருந்தா தெரிஞ்சிருக்குமில்ல? அவங்க திரும்பவே இல்ல. முட்டி வலின்னு அவங்க போறத நிறுத்துனப்ப நானும் நிறுத்திட்டேன்.”

நான் நோட்டை மூடி வைத்தேன். அவரே கேட்டார்.

“கடைசில, ஆஸ்பத்திரில இருந்தப்ப, எம்பேரு எதாச்சும் எடுத்தாங்களா?”

பதில் தயாராக இருந்தது. நல்ல பதில். ‘எதிர்வீட்டுக்காரி சாப்பிட்டாளான்னு கேட்டாங்க’ என்று என் வாய்வரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட வரிகளை எழுதித்தான் நான் முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். அம்மா கடைசிப் பதினைந்து நாள் எதுவும் பேசவில்லை. அதற்கு முன்பும், கேள்வி கேட்பதை நிறுத்திச் சில வருஷம் ஆகியிருந்தது. எப்போது நிறுத்தினாள் என்றுகூட நான் கவனிக்கவில்லை. கேள்வி வராதது எனக்கு நிம்மதியாக இருந்தது, அவ்வளவுதான்.

“இல்லீங்கக்கா” என்றேன். “ஒண்ணும் கேக்கல.”

அவர் தலையை ஆட்டினார். எதிர்பார்த்து ஏமாந்தவரின் ஆட்டல் இல்லை. கடையில் இல்லை என்று சொன்னால் ஆட்டுவோமே, அதுபோல.

வாசலில் குழாய் சீறியது. ஒன்பது நாளுக்குப் பிறகு தண்ணீர் வருகிறது என்று பக்கத்து வீட்டில் யாரோ கத்தினார்கள். அக்கா எழுந்து குடங்களை எடுத்து வெளியே வைத்தார். ஒரு குடம் நிரம்பியது. நான் போய் அதைத் தூக்கக் குனிந்தேன்.

“வேண்டாஞ்சாமி, வெச்சுரு” என்றார்.

வைத்துவிட்டேன். அவர் அதை இடுப்பில் ஏற்றிக்கொண்டு உள்ளே போனார். அடுத்த குடம் நிரம்பிக்கொண்டிருந்தது.