வேலைக்குப் போகும் கார்

பின்கதவை இடுப்பால் ஓர் இடி இடித்துச் சாத்துகிறார் லாண்டரியக்கா. இரண்டு கையிலும் துணி மூட்டை. முதல் இடியில் மூடாவிட்டால், "என்ன ராசா, இன்னைக்கு முறுக்கா?" என்று கேட்டுவிட்டு இன்னொன்று கொடுப்பார்.

ராசா என்பது கார். பதினெட்டு அடி நீளம், கன்னங்கரிய நிறம், முன்விளக்கு ஒவ்வொன்றும் பால் குண்டான் அளவு. ஒரு காலத்தில் பெரிய மனிதர்கள் கால்மேல் கால் போட்டு வந்த தோல் இருக்கையில் இப்போது மூன்று ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகள் சவாரி செய்கின்றன.

அக்காவுக்கு வயது ஐம்பத்தாறு. ஒட்ட வெட்டிய முடி. பேசும்போது எதிராளியின் முகத்தைப் பார்க்க மாட்டார், காலரைப் பார்ப்பார். "சோப்பைக் கொட்டிட்டு அலசாம விட்டிருக்காங்க" என்பார் பேச்சின் நடுவே, நமக்குச் சுருக்கென்று இருக்கும்.

முன்பு ஒரு ஹோட்டலின் சலவை அறையில் வேலை பார்த்தார். அங்கே புது வண்டிகள் வந்ததும், விருந்தினர்களை ஏற்றிவந்த இந்தக் காரைப் பழைய இரும்புக்குத் தள்ளினார்கள். அக்கா வேலையை விட்டார், இரும்பு விலை கொடுத்துக் காரை எடுத்துக்கொண்டார். இரண்டு முன்கதவுகளிலும் 'அக்கா லாண்டரி' என்று வெள்ளைப் பெயின்ட்டில் தானே எழுதினார். 'லா' கொஞ்சம் சாய்ந்திருக்கும்.

போன மாதம் ஒரு கடிதம் வந்தது. ராசா தயாரான தொழிற்சாலை மூடி நாற்பது வருஷமாகிறது. அங்கே ஒரு விழாவுக்காகப் பழைய சொகுசுக் கார்களை வரவழைக்கிறார்களாம். தொழிற்சாலைக்குப் பின்னால் ஒரு சோதனை ஓடுபாதை உண்டு. அதன் ஒரு வளைவு சுவர்போலச் சாய்ந்து நிற்கும். அந்தச் சாய்வில் ஓடிக் காட்டிய வண்டியைத்தான் அந்தக் காலத்தில் வெளியே அனுப்புவார்களாம். "ராசாவை இன்னொரு வாட்டி அதுல ஏத்திப் பாத்துடணும்" என்று கிளம்பிவிட்டார். கூடவே தங்கையும்.

விழாவன்று மற்ற முப்பது கார்களும் லாரியில் வந்து, கையுறை போட்டவர்கள் தாங்கிப் பிடிக்க, புதுப்பெண் மாதிரி இறங்கின. ராசா தொண்ணூறு கிலோமீட்டர் ஓடிவந்து, மூக்கெல்லாம் புழுதியோடு வரிசையில் நின்றது. விழாச் செயலாளர் ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மா, இந்த மாதிரி வண்டி உலகத்துலயே பதினொண்ணுதான் மிச்சம் இருக்கு. அது மேல போய் கிறுக்கி வெச்சிருக்கீங்களே!"

அக்கா அவருடைய காலரைப் பார்த்தார். "பதினொண்ணுல எத்தனைங்க வேலைக்குப் போகுது?"

செயலாளர் கேமராக்காரர்கள் பக்கம் கையைக் காட்டினார். "படம் எடுக்கிறாங்க, எழுத்தோட விட முடியாது. மறைச்சா ஓடுபாதைக்கு வரலாம். இல்லேன்னா கொட்டகைக்குப் பின்னாடி நிறுத்திக்குங்க."

தங்கை அக்காவின் முழங்கையைக் கிள்ளினாள். "எல்லாரும் பாக்குறாங்கக்கா. ஒரு மணி நேரந்தானே? மறைச்சா என்ன குறைஞ்சுடும்?"

"பதினெட்டு வருஷமா இந்தப் பேருதான்டி நமக்குச் சோறு போட்டுது. அதுக்கு முக்காடு போடச் சொல்றியா?"

குரல் உயரவில்லை. ஆனால் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. கிறுக்கல் என்ற சொல் உள்ளே எங்கோ தைத்துவிட்டது. பக்கத்துக் கார்க்காரர்கள் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். ஓடுபாதையில் முதல் கார் உறுமிக் கிளம்பியது. செயலாளர் உதவியாளரிடமிருந்து ஒரு கறுப்புத் துணியை வாங்கி நீட்டினார்.

"சீக்கிரம் முடிவு பண்ணுங்கம்மா."

அக்கா துணியை வாங்கிக்கொண்டார். தங்கை பெருமூச்சு விட்டாள்.

கதவருகே குனிந்து, 'அ'வில் தொடங்கி ஒவ்வோர் எழுத்தாக அந்தத் துணியால் துடைத்தார். சுழிகளுக்குள் விரலை விட்டுப் புழுதியை எடுத்தார். பிறகு சுற்றிப்போய் அந்தப் பக்கக் கதவையும். எழுத்துகள் வெயிலில் பளிச்சென்று நின்றன. துணியை ஓர் உதறு உதறி, ஓரத்தோடு ஓரம் பொருந்த நான்காக மடித்து, உள்ளங்கையால் நீவி, செயலாளரின் கையில் வைத்தார். பிறகு ஏறி உட்கார்ந்து ராசாவைக் கிளப்பி, ஓடுபாதைப் பக்கம் திருப்பினார்.