தூங்காத வண்டி

எனக்கு எழுபத்தெட்டு வயது. பெற்றது நாலு, வளர்த்தது அஞ்சு. அஞ்சாவது என் கொழுந்தன் மகன். அஞ்சில் ஒன்றுகூட என்னிடம் பொய் சொல்லித் தப்பித்தது கிடையாது. மாங்காய் தின்ற வாயை முகர்ந்தே எந்த வீட்டு மரம் என்று சொல்லிவிடுவேன். மூணாங்கிளாஸோடு படிப்பு நின்றதில் எனக்குக் குறையே இல்லை. ஆளைப் படிக்கத் தெரிந்தவளுக்கு ஏடு எதற்கு என்று இருந்தேன். அந்த நினைப்புத்தான் இந்த வயதில் என்னைப் பேனா பிடிக்க வைத்தது.

மூத்தவன் சென்னையில் இருக்கிறான். எங்கள் வீட்டின் முன்கட்டை வெளியூர்க்காரர்கள் வந்து தங்குவதற்கு விட்டிருக்கிறோம். அவர்களை ஊர் சுற்றிக் காட்ட, தான் வைத்திருந்த பெரிய வண்டியைக் காரைக்குடிக்கு அனுப்பிவைத்தான். கறுப்பு வண்டி, ஏறுவதற்கே ஒரு படி வேணும். சாவியைப் போட்டுத் திருகுகிற வேலை கிடையாது. சாவி சட்டைப்பையில் இருந்தால் போதும், பொத்தானை அமுக்கினால் கிளம்பிவிடும்.

ஓட்டுவதற்குக் கீழச்சிவல்பட்டிக்காரர் ஒருவர். ஐம்பது வயது. பதினோரு வருடமாக எங்கள் வீட்டில் இருக்கிறார். இப்போது 'இருக்கிறார்' என்று எழுதுகிறேன். நான் சொல்லப்போகிற ரெண்டு மாதமும் 'இருக்கான்' என்றுதான் சொன்னேன்.

முதலில் கண்ணில் பட்டது வண்டி நின்ற நிலை. ஒரு நாள் காலையில் கார் செட்டுக்குள் போய்ப் பார்த்தால், பின்பக்கம் இடது புறம் தாழ்ந்து கிடக்கிறது. டயரில் காற்று இருக்கிறது. அப்படியானால் பாரம் ஏற்றியிருக்கிறான். நாங்கள் படுத்த பிறகு சிங்கம்புணரிச் சந்தைக்கு யாருக்கோ மூட்டை அடிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்று டிரைவரைக் கூப்பிட்டேன். வந்தார், பொத்தானை அமுக்கினார், கொஞ்ச நேரத்தில் வண்டி மெல்ல நிமிர்ந்துகொண்டது. ஒண்ணுமில்லையே ஆச்சி என்றார். என் கண்ணெதிரிலேயே தடயத்தை அழித்துவிட்டு ஒண்ணுமில்லை என்கிறானே, எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் நாலு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கோலப்பொடியால் கோடு இழுத்தேன். மறுநாள் கோடு அப்படியே இருந்தது. வண்டி மட்டும் தாழ்ந்திருந்தது. வேறு யாராக இருந்தாலும் அதோடு விட்டிருப்பார்கள். நான், போய் வந்த பிறகு அவனே கோடு இழுத்திருக்கிறான் என்றேன். கோடு கொஞ்சம் கோணலாகவும் தெரிந்தது. என் கைக்கோடு கோணாது.

அன்றைக்கே சாவியை வாங்கி என் சாவிக்கொத்தில் கோத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். வண்டி எடுக்கும்போது கொடுப்பேன், கொண்டுவந்து நிறுத்தியதும் வாங்கிக்கொள்வேன். சாவி இருந்தால் மட்டும் போதாது, கண்ணும் இருக்கணும் என்று நாற்காலியைச் செட்டு வாசலுக்கே இழுத்துப் போட்டேன். கீரை ஆய்வது, பூக் கட்டுவது, மத்தியானம் கண் அசருவது எல்லாம் வண்டிப் பக்கத்தில்தான். படுக்கையையும் செட்டை ஒட்டின அறைக்கு, சுவரோரமாக மாற்றிக்கொண்டேன். நான் பக்கத்தில் போனால் வண்டியின் பக்கக் கண்ணாடி ரெண்டும் காது விரிக்கிற மாதிரி விரியும். கதவுக் கைப்பிடியில் விளக்கு எரியும். வீட்டுக்குப் பெரியவள் யார் என்று வண்டிக்குக்கூடத் தெரிகிறது என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. அதை யாரிடமும் சொன்னதில்லை.

பத்து நாள் போயிருக்கும். தங்க வந்திருந்த புருசனும் பெண்டாட்டியும் பெட்டியோடு நிற்கிறார்கள், வண்டி கிளம்பவில்லை. முன்னால் இருக்கிற திரையில் பிரேக், கியர், ஸ்டியரிங் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கு எரிகிறது. பேட்டரி இறங்கிவிட்டது என்றார் டிரைவர். சார்ஜ் ஏற்றினோம், ரெண்டு நாளில் மறுபடி இறங்கியது. புது பேட்டரி போட்டோம், அதுவும் இறங்கியது. புதுசைக் கழற்றிக்கொண்டு பழசை வைத்துவிட்டான் என்றேன். இதை வீட்டுக்குள் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். உறவில் ஒரு சாந்திக் கல்யாணத்தில், அறுபது நிறைந்த விசேஷத்தில், பந்தியில் உட்கார்ந்து சொன்னேன். பாயசம் வருவதற்குள் பேச்சு மூணு வரிசை தாண்டிவிட்டது.

மூத்தவனுக்குப் போன் போட்டு ஆளை மாற்றச் சொன்னேன். மாசக் கடைசியோடு நிறுத்திவிடலாம் என்றான். ஆனால் அதற்கு முன்னால் கார் எலக்ட்ரீஷியன் ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டச் சொன்னான். டிரைவரிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். அவர் வேலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இனிமேல் இந்த ஊரில் எந்த வீட்டில் என் கையில் சாவி குடுப்பாக என்று மட்டும் கேட்டார். நான் கீரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எலக்ட்ரீஷியன் செக்காலையிலிருந்து வந்தார். மூக்குக்கண்ணாடி போட்ட, அவசரமே இல்லாத மனிதர். டிரைவரும் அவரும் ஒரே டம்ளரில் தண்ணி குடித்ததைப் பார்த்ததுமே ரெண்டு பேரும் கூட்டு என்று நினைத்தேன். அதனால் வண்டியை விட்டு அசையாமல் நின்றேன்.

முதலில் சோப்புத் தண்ணி கேட்டார். பின்சக்கரத்துக்கு மேலே கையை விட்டுத் தெளித்தார். இடது பக்கம் முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. மற்ற வண்டிக்கு ஸ்பிரிங் இருக்கும் இடத்தில் இதற்குக் காற்றுப் பை இருக்கிறதாம், அதில் வெடிப்பாம். நிற்கும்போது காற்று கசிந்து தாழும். ஸ்டார்ட் பண்ணினால் வண்டியே காற்றடித்து நிமிர்த்திக்கொள்ளும். மூட்டையும் இல்லை, சந்தையும் இல்லை. சரி, அந்த பேட்டரி என்றேன். அதுவும் புதுசுதான், பில்லில் உள்ள நம்பரே இதில் இருக்கிறது என்று காட்டினார். திரையில் எரிகிற விளக்கெல்லாம் என்ன என்றேன்.

"பேட்டரி செத்தா இந்த வண்டி எல்லாத்து மேலயும் பழி போடும் ஆச்சி. ஒண்ணும் நெசமில்ல."

டிரைவர் குனிந்து துணியை மடித்தார்.

பிறகு பேட்டரி வயரில் ஒரு மீட்டரை மாட்டினார். வண்டியைப் பூட்டிக் கொஞ்ச நேரம் விட்டால் அது தூங்கிவிடும், மீட்டரில் எண் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வரும் என்றார். அரை மணி நேரம் ஆயிற்று, எண் இறங்கவில்லை. இப்படி ஒரு வண்டியை நான் பார்த்ததில்லை, உறங்கவே மாட்டேங்குது என்று தலையைச் சொறிந்தார். காப்பி ஆறிப்போகிறது என்று சமையல்காரம்மா கூப்பிட, நான் உள்ளே போய்க் குடித்துவிட்டு வந்தேன். வந்ததும் அவர் மீட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"ஆச்சி, கொஞ்சம் அங்குட்டுப் போங்க. கிணத்தடி வரைக்கும்."

போனேன். அங்கேயே நிற்கச் சொன்னார். வெகுநேரம் நின்றேன்.

"இப்ப இங்குட்டு வாங்க."

வந்தேன். கண்ணாடி காதை விரித்தது, கைப்பிடியில் விளக்கு எரிந்தது, மீட்டரில் எண் ஏறியது.

"இடுப்புல என்ன வச்சிருக்கீக?"

சாவிக்கொத்தை உருவினேன். பெட்டகச் சாவிக்கும் அரிசி அறைச் சாவிக்கும் நடுவில் அந்தக் கறுப்புச் சாவி தொங்கியது. அது பக்கத்தில் அசையும்போதெல்லாம் யாரோ ஏறப்போகிறார்கள் என்று வண்டி முழித்துக்கொள்கிறதாம். நான் கீரை ஆய்ந்தாலும் முழிப்பு. படுக்கையில் புரண்டாலும் முழிப்பு. நான் அதைக் காவல் காத்தேன், அது என்னைக் காவல் காத்தே செத்தது.

காற்றுப் பை மாற்ற எத்தனை நாளாகும் என்று கேட்டுவைத்தேன். எலக்ட்ரீஷியன் போன பிறகு, இருப்பா, மாசக் கடைசிப் பேச்செல்லாம் விட்டுரு என்று டிரைவரிடம் சொன்னேன். மூத்தவனிடமும் போனில் சொல்லிவிட்டேன். டிரைவர் அதற்குச் சந்தோசப்படவில்லை.

"நீங்க வாயால சொன்னது எங்க ஊரு வரைக்கும் வந்துருச்சு ஆச்சி. இப்ப இல்லைன்னு சொன்னா, வயசானவுக இரக்கப்பட்டுச் சொல்றாகம்பாக. எழுதிக் குடுங்க."

"என் எழுத்து மூணாங்கிளாஸ் எழுத்துப்பா."

"இருக்கட்டும். உங்க எழுத்துன்னு தெரியணும்ல."

பேத்தி லீவுக்கு வந்திருந்தாள். நீ சொல்லு அப்பத்தா, நான் டைப் அடிக்கிறேன் என்றாள். வேண்டாம் என்றுவிட்டேன். இதை எழுத நாலு நாள் ஆயிற்று. ஒரு வரியில் முடிக்கத்தான் உட்கார்ந்தேன். ஒரு வரியில் எழுதினால் எதையோ மறைக்கிறேன் என்று எனக்கே என் மேல் சந்தேகம் வந்தது.

சாவி இப்போது சமையல்கட்டில், செட்டுக்கு எட்டாத ஆணியில் தொங்குகிறது. அவரே மாட்டுகிறார், அவரே எடுக்கிறார். நாற்காலியையும் உள்ளே போட்டுவிட்டேன். பிள்ளையார்பட்டி போய் வர இவ்வளவு டீசலா என்று ஒரு கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. அதை ஒருத்தரிடமும் கேட்கப்போவதில்லை. அந்த வண்டிக்குப் பசி அதிகம் என்று எலக்ட்ரீஷியனும் சொன்னார்.

என் பேத்தி ஆத்தா, இங்கே வா. இதைத் திருப்பி வாசி. எழுத்துப் பிழை இருந்தால் திருத்தாதே, அப்படியே வாசி. சாவி என் இடுப்பில் இருந்தது என்கிற இடம் வரும்போது சத்தமாக வாசி. செட்டில் வண்டி துடைக்கிறவருக்குக் கேட்கணும்.