டெஸ்டிங்கில் இருக்கிறான்

எங்கள் ஊரில் டெஸ்டிங் என்ற சொல்லுக்கு அப்போது ஒரே பொருள்தான். சூளையிலிருந்து வந்த ப்யூஸ் கட்டையையோ இன்சுலேட்டரையோ உடைத்து, சிவப்புச் சாயத்தில் ஊறப்போட்டு, சாயம் உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்ப்பது. இறங்கியிருந்தால் அந்த லாட் முழுவதும் கழிவு. முதலாளி நேரில் வந்து கெஞ்சினாலும் கழிவுதான். விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் சோதனைக்கூடத்தில் என் உத்தியோக காலம் முழுவதும் நான் செய்தது இதைத்தான். என்னைக் கண்டால் சூளைக்காரர்கள் டீக்கடையில் எழுந்து நிற்பார்கள். பிரியத்தினால் அல்ல.

நான் ஓய்வு பெற்றபின், வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த கையோடு, என் மகனும் டெஸ்டிங் செய்ய ஆரம்பித்தான். பீங்கான் தொழில்நுட்பத்தில் டிப்ளமா முடித்தவன். இரண்டு கம்பெனிகளில் சேர்ந்து, சூளைச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை என்று இரண்டிலிருந்தும் வந்துவிட்டவன். அவன் சோதித்தது பீங்கானை அல்ல. ஏதோ ஒரு வெளிநாட்டுக் கம்பெனி பாதியில் வைத்திருந்த வீடியோ கேமை. குதிரை வீரர்கள், கோட்டைகள், பாலங்கள். விளையாடிப் பார்த்து எங்கே குறை இருக்கிறது என்று எழுதி அனுப்ப வேண்டும். சம்பளம் கிடையாது. தன்னார்வம்.

தன்னார்வம் எனக்குத் தெரியாததல்ல. ரத்தம் கொடுப்பது தன்னார்வம். வெள்ளம் வந்தால் சோற்றுப் பொட்டலம் கட்டுவது தன்னார்வம். நாளைக்கு விலை வைத்து விற்கப்போகிறவனின் சரக்கை இன்றைக்கு இலவசமாகச் சோதித்துக் கொடுப்பதற்கு எங்கள் அலுவலகத்தில் வேறு பெயர் உண்டு. அதை இங்கே எழுத முடியாது.

"இதுல உனக்கு என்னா கிடைக்குது?" என்று கேட்டேன். எரிச்சலோடு கேட்கவில்லை. தகவலுக்காகத்தான் கேட்டேன்.

"வெளிய வர்றதுக்கு முன்னாடியே நாங்க பாக்குறோம்பா. வேற யாரும் பாக்க முடியாது."

"வேகாத சோத்த எல்லாருக்கும் முன்னாடி திங்கிறதுல என்னா பெருமை?"

"நாங்க சொல்றத வெச்சுதான் கேமே மாறுது."

"மாறுதா?"

"மாத்துவாங்க" என்றான்.

அவன் படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்தியிருந்த ஒப்பந்தத்தை நான் உட்கார்ந்து முழுதாகப் படித்தேன். நல்ல ஆங்கிலம், எழுதிய வக்கீலுக்கு நல்ல சம்பளம் கிடைத்திருக்கும். சாரம் இதுதான். நீ கண்டுபிடிப்பதெல்லாம் எங்களுடையது. உன் கம்ப்யூட்டர் பழுதானால் அது உன்னுடையது. எப்போது வேண்டுமானாலும் உன்னை நிறுத்துவோம், காரணம் சொல்ல மாட்டோம். இதையெல்லாம் நீ வெளியே யாரிடமும் சொல்லக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் தண்ணீர் எடுத்து வைத்த ஆளுக்குக்கூட நியமன ஆணை உண்டு, விடுப்பு விதி உண்டு, தண்டிக்க வேண்டுமென்றால் முதலில் விளக்கம் கேட்கும் நடைமுறை உண்டு. இவனுக்கு எதுவுமில்லை. ரகசியம் காக்கும் கடமை மட்டும் உண்டு.

வம்பு அந்த ரகசியத்தில்தான் வந்தது. என் மனைவி அப்போது அவனுக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தாள். பையன் என்ன செய்கிறான் என்று யார் கேட்டாலும் "டெஸ்டிங்ல இருக்கான், அதப் பத்தி வெளிய பேசக் கூடாதாம்" என்று சொல்லிவந்தாள். இரண்டும் உண்மை. அப்பா செய்த வேலையைப் பிள்ளையும் செய்கிறான் என்று கேட்டவர்கள் நினைத்துக்கொண்டால் அது அவர்கள் குற்றம்.

அப்படி நினைத்துக்கொண்டவர்களில் ஸ்ரீமுஷ்ணத்தில் உரக்கடை வைத்திருந்த ஒருவர் இருந்தார். அவருடைய மூத்த பெண் அங்கே ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். நாங்கள் மூவரும் பஸ் ஏறிப் போனோம். மிக்சர் தட்டை வைத்ததும் அவர் நாற்காலியை என் மகனுக்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, நாம எல்லாம் ஒரே குடும்பமா ஆவப்போறோம். நான் வெளிய சொல்ல மாட்டேன். ராக்கெட்டு மேல ஒட்டுறதுக்குப் பீங்கான் ஓடு பண்றாங்களாமே, அதுதான?"

என் மனைவி மிக்சரைப் பார்த்தாள். நான் என் மகனைப் பார்த்தேன். ஒரு தலையசைப்பில் சம்பந்தம் முடிந்திருக்கும். அவருக்கு அதில் அவ்வளவு ஆசை.

"இல்லீங்க. கேமு. வீடியோ கேம்" என்றான் அவன்.

"கேமுன்னா?"

"விளையாட்டுங்க. இன்னும் முடிக்காத விளையாட்டு. தப்பு எங்க இருக்குதுன்னு பாத்துச் சொல்லணும்."

உரக்கடைக்காரர் நாற்காலியைப் பழைய இடத்துக்கே தள்ளிப் போட்டுக்கொண்டார். கதவருகே நின்றிருந்த அந்தப் பெண்தான் பிறகு பேசினாள்.

"நீங்க தப்புன்னு சொன்னா, அத சரி பண்ற வரைக்கும் வெளிய விடாம நிறுத்துவாங்களா?"

"அது அவங்க முடிவுங்க."

"வேலைக்கு எடுத்துப்பாங்களா?"

"நல்லா பண்றவங்கள எடுப்பாங்கன்னு பேசிக்கிறாங்க. கேம் வெளிய வந்ததும் தெரியும்."

அவள் தன் அப்பாவைப் பார்த்து, "அப்ப வெளிய வரட்டும்பா. பாத்துட்டுச் சொல்லலாம்" என்றாள். வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு எல்லா நியாயமும் இருந்தது. சொல்லவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் மகன் ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, "நல்லா கேட்டாங்க இல்லப்பா?" என்றான். நன்றாகத்தான் கேட்டாள். முதல் கேள்விக்கு அவன் சொன்ன பதிலே எனக்குப் போதுமானதாக இருந்தது. நிறுத்த முடியாதவன் செய்வது சோதனை அல்ல. அது வேடிக்கை பார்ப்பது. ஆனால் அவன் மனத்தில் நின்றது இரண்டாவது கேள்வி. கேம் வெளிவந்து, வேலை கிடைத்து, அந்தப் பெண்ணைக் கட்டிக்கொள்வது. அவனுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பயல் உழைத்த உழைப்பைச் சொல்ல வேண்டும். ஒரு பாலத்தின் நடுவில் குதிரை இடப்பக்கம் திரும்பினால் வீரனோடு தரைக்குள் விழுந்து காணாமல் போகிறது. வலப்பக்கம் திரும்பினால் விழுவதில்லை. மழை பெய்தாலும் விழுகிறது, வெயில் அடித்தாலும் விழுகிறது. வீரன் குதிரையை விட்டு இறங்கி நடந்தால் விழுவதில்லை. இப்படி ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து, வரிசையாக எழுதி, கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்து அனுப்பினான். நான் அந்த அறிக்கையைப் படித்தேன். என் கீழே வேலை பார்த்த டெக்னீஷியன்களில் ஒருவன்கூட எனக்கு அப்படி எழுதித் தந்ததில்லை. சூளைச் சூடு ஒத்துக்கொள்ளாத இவனுக்கு இந்த அறிவு எங்கிருந்தோ வந்திருந்தது. வந்ததை ஊர் பேர் தெரியாத ஒருவனுக்குத் தாரை வார்த்துக்கொண்டிருந்தான்.

கம்பெனியிலிருந்து ஒரு வரியில் பதில் வந்தது. ஏற்கெனவே தெரிந்த குறை. நன்றி.

"தெரிஞ்சிருந்தா ஏன்டா சரி பண்ணல?" என்றேன்.

"வரிசையில வெச்சிருப்பாங்கப்பா."

கேம் வெளிவந்தது. என் மகன் முதல் வேலையாகப் பாலத்துக்குப் போனான். நானும் பின்னால் நின்று பார்த்தேன். குதிரை இடப்பக்கம் திரும்பியது. வீரனோடு தரைக்குள் போயிற்று. காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் இனி அங்கே விழுவார்கள், எழுதுவார்கள், அவர்களுக்கும் அதே ஒரு வரி போகும். வேலைக்கு அழைப்பு எதுவும் வரவில்லை. சோதித்த எல்லோருக்கும் பொதுவாக ஒரு நன்றி மெயில் வந்தது. அதில் அவன் பெயர்கூட இல்லை. 'அன்புள்ள சோதனையாளரே' என்று இருந்தது.

அவன் தினமும் மெயில் பெட்டியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்த நாட்களில் உரக்கடைக்காரர் போன் செய்தார்.

"ஐயா, அந்த கேமு வந்துடுச்சாமே, எம் பொண்ணு நெட்டுல பாத்துச்சு. தம்பிய கூப்புட்டாங்களா?"

என் மனைவி எதிரில் நின்று, நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லுமாறு கையைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டினாள். மகன் அறை வாசலில் நின்றான். அவன் எந்தச் சைகையும் செய்யவில்லை.

"கூப்புடலீங்க. கூப்புடவும் மாட்டாங்க" என்றேன்.

"மாட்டாங்களா?"

"சும்மா செய்யிற ஆளு இருக்கறப்ப சம்பளத்துக்கு எதுக்குங்க ஆளு?"

"தம்பி நல்ல தம்பிங்க. அன்னிக்கே உள்ளத உள்ளபடி சொன்னாரு. எம் பொண்ணும் இத்தன நாளு வேற எடம் எதையும் பாக்கவுடல. ஆனா இதுக்குக் கீழ இன்னொரு பொண்ணு இருக்குதுங்களே..."

"புரியுதுங்க."

"போயிட்டு வரேங்க" என்றார், வந்திருந்தவர் விடைபெறுவதுபோல.

என் மனைவி அடுப்படிக்குப் போய் அங்கிருந்து பேசினாள். "ஒரு மாசம் தள்ளிப் போட்டிருந்தா என்னா? பெத்த புள்ளைக்கும் ரிஜெக்ட் முத்திரை குத்துனாதான் உங்களுக்குச் சோறு எறங்கும்." ஸ்ரீமுஷ்ணம் போவதற்காக வாங்கிய சட்டை கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. மகன் அதை எடுத்து மடித்து உள்ளே கொண்டுபோனான்.

அந்தப் பெண்ணுக்கு வேறு இடத்தில் நிச்சயமாகிவிட்டது என்று கேள்விப்பட்ட வாரத்தில் கம்பெனியிலிருந்து இன்னொரு மெயில் வந்தது. இம்முறை பெயர் போட்டிருந்தார்கள். அவனுடைய அறிக்கைகள் மிகச் சிறப்பாக இருந்தனவாம். அடுத்த கேமுக்கு அவனை மூத்த தன்னார்வலராக உயர்த்தியிருக்கிறார்களாம். புதிதாக வரும் தன்னார்வலர்களை அவன் மேற்பார்வையிட வேண்டுமாம். சம்பளமில்லாத உத்தியோகத்தில் பதவி உயர்வு கொடுக்கும் நடைமுறையை நான் எந்த விதிநூலிலும் கண்டதில்லை. வாய்விட்டே சிரித்துவிட்டேன்.

அவன் அதை ஆங்கிலத்தில் வாசித்ததில் என் மனைவிக்குப் பிடிபட்டது ஒரு சொல்தான்.

"சீனியரா? இப்ப சீனியரா ஆக்கிட்டாங்களா?" ஈரக்கையோடு ஓடி வந்தாள். "அப்ப தரகர்கிட்ட சீனியர் டெஸ்டிங்குன்னு சொல்லிவுடட்டுமா?"

"வேணாம்மா. இதுவும் சும்மாதான்."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதாம்மா" என்றான். மெயிலுக்குப் பதில் எழுதாமலே கம்ப்யூட்டரை அணைத்தான்.