நாம நோட்டின் ஓரக் கோடுகள்

மூத்திரம் போகவில்லை. முருகனடியார்களே, இதைச் சுற்றி வளைத்து எழுத எனக்கு இஷ்டமில்லை. ஆடிக் கிருத்திகையன்று காலை நான்கரையிலிருந்து பத்தரைக்குள் எட்டு முறை கழிப்பறைக்குப் போனேன். ஒரு சொட்டு வரவில்லை. அடிவயிறு கல்லாக இறுகிவிட்டது.

எனக்கு வயது எழுபத்தொன்று. ஆவடித் தொழிற்சாலை ஸ்டோர்ஸில் முப்பத்து நான்கு வருடம் எண்ணி எண்ணியே காலம் போனது. கார்த்திகையில் தொடங்கிய தொல்லையையும் எண்ணினேன். போய் நின்றால் உடனே வராது. முக்க வேண்டும். வந்தாலும் நூல் மாதிரி. திரும்பிப் படுத்ததும் மறுபடி முட்டும். வயசானால் இப்படித்தான் என்று மனைவியின் வாயை அடைத்தேன். மாலை நான்குக்கு மேல் தண்ணீரே குடிக்கவில்லை.

தினமும் ஒரு நோட்டில் 'ஓம் சரவணபவ' நூற்றெட்டு முறை எழுதுவேன். அந்த நோட்டின் ஓரத்திலேயே, ராத்திரி எத்தனை முறை எழுந்தேனோ அத்தனை கோடு போடுவேன். முருகா, இதைக் குறை என்று வேண்டுவேன். எட்டு மாதம். கோடு கூடியதே தவிரக் குறையவில்லை. அவனோடு சண்டை போட்டேன்.

கிருத்திகைக்கு முத்தாபுதுப்பேட்டைக் கோயிலில் நோட்டுகளைச் சமர்ப்பிப்பது எங்கள் வழக்கம். வலியோடு போய் உட்கார்ந்தேன். நோட்டு வாங்கியவர் காசியம்மா. ஆஸ்பத்திரி வார்டில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவர்.

"இன்னா சார், சாமி நோட்டுல கோடு கோடா கீது? கிரிக்கெட் ஸ்கோரா?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ராத்திரி எழுந்த கணக்கு. உனக்கெதுக்கும்மா? நோட்டை வை."

வைக்கவில்லை. புரட்டினார். இரண்டு கோடு, மூன்று, ஐந்து. நேற்று ஆறு.

"இன்னிக்கு கோடே காணோம்?"

"இன்னிக்கு வரவே இல்லை!" என்று கத்திவிட்டேன்.

"இன்னா மன்சன்யா நீ! அடச்சிகினு வந்து பூஜையில குந்திகினு கீற. ஏந்திரு நைனா!"

"அபிஷேகம் முடியட்டும்."

"முருகன் எங்கயும் ஓட மாட்டாரு. உன் கிட்னி பூடும். ஏந்திரு!"

காசியம்மா என்னை ஏற்றிக்கொண்டு போன ஆட்டோ குலுங்கிய ஒவ்வொரு பள்ளத்துக்கும் முருகனைத் திட்டினேன். எட்டு மாதம் எழுதியதற்கு இதுதானா உன் பதில்?

ஆஸ்பத்திரியில் குழாய் வைத்தார்கள். வயிறு இளகியது. அழுதேன். எப்போதிருந்து என்று டாக்டர் கேட்டார். காசியம்மா நோட்டை நீட்டினார். டாக்டர் ஒரு பக்கம் விடாமல் பார்த்தார்.

"இவ்ளோ சுத்தமா கணக்கு வெச்சிருக்கீங்க. ஒரு நாள்கூட எடுத்துட்டு வந்து காட்டலையே சார்?"

அதுவரை முருகன் மேல் இருந்த கோபம் அப்படியே என் மேல் திரும்பியது. இன்றும் தீரவில்லை.

புராஸ்டேட் சுரப்பி வீங்கி வழியை அடைத்திருந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் பார்த்துப் புற்றுநோய் இல்லை என்றார்கள். மாத்திரை கொடுத்து, சில நாளில் குழாயை எடுத்தார்கள். இப்போது ராத்திரிக்கு ஒரு கோடு, மிஞ்சினால் இரண்டு. இப்படி அடிக்கடி எழ நேர்ந்தாலே, மூத்திரத் தாரை மெலிந்தாலே டாக்டரிடம் காட்ட வேண்டுமாம். ரத்தம் கலந்து வந்தால் தள்ளிப்போடக் கூடாது. அடியோடு நின்றுவிட்டால் அந்த நிமிஷமே ஓட வேண்டும். கிருத்திகையன்று காசியம்மாவின் வாயில் வந்து என்னைத் திட்டியவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுக்குக் கோடி நமஸ்காரம்.

அடுத்த வாரம் கோயிலில் நான்கு பேர் தனித்தனியாக என்னை ஓரம் கட்டினார்கள். "சார், எனக்கும் அப்டித்தான் கீது. வெளிய சொல்லாதீங்க." நால்வரும் அன்று சிரித்தவர்கள்!

முருகனை நம்பி எழுதுங்கள். எழுதிய நோட்டை டாக்டரிடமும் காட்டுங்கள். வரும் செவ்வாய் எனக்கு மறுபரிசோதனை. காலை ஏழரைக்கு ஆவடி பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். யார் பெயரையும் இங்கே எழுதவில்லை. ஆனால் எண்ணுவேன். நான்கு தலை வர வேண்டும்.