குப்பியம்மாவின் ரத்தம் சிவந்தது

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவரைக் குப்பியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். குப்பிகளைக் கழுவிக் கவிழ்ப்பது அவர் வேலை. காலையில் குழாயைத் திறக்கும்போதே, "ஆண்டவா, உடையாம காப்பாத்து" என்று முணுமுணுப்பார். குப்பியைச் சொல்கிறாரா குடும்பத்தைச் சொல்கிறாரா என்று யாரும் கேட்டதில்லை.

அங்கே யூரோப்பியம் என்ற அரிய உலோகத்தை வேறு பொருளோடு சேர்த்து, தூசியைவிடப் பொடியான துகளாக்கி வைத்திருந்தார்கள். இதயத் தசை அடிபட்டால் ஒரு புரதம் ரத்தத்தில் கசியுமாம். துகள் அதைத் தேடிப்போய்ப் பிடித்துக்கொள்ளும். புற ஊதா விளக்கைக் காட்டினால் அந்த ரத்தம் வைத்த இடம் கனலாய்ச் சிவக்கும். நோய் இல்லாதவர் ரத்தம் என்றால், பிடிக்க ஒன்றும் கிடைக்காத துகள் அலசும்போது போய்விட, இருட்டாகக் கிடக்கும்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல ரத்தம் வேண்டுமே! அதற்கு அங்கே வேலை பார்ப்பவர்களே கை நீட்டுவார்கள்.

"கல்லு மாதிரி இருக்கீங்க குப்பியம்மா. கொஞ்சம் ரத்தம் தர்றீங்களா?" என்று கேட்டாள் ஆராய்ச்சி செய்யும் இளம்பெண். அவளை இவர் டாக்டரம்மா என்பார்.

"எடுத்துக்கோங்க. கொசு கேக்காமலே எடுக்குது, நீங்க கேட்டு எடுக்கறீங்க."

மறுநாள் டாக்டரம்மா முகம் வெளுத்து வந்து நின்றாள். மற்றவர்கள் ரத்தமெல்லாம் இருட்டு. குப்பியம்மாவுடையது மட்டும் நோயாளிகளுடையதைவிட அதிகமாகச் சிவந்திருந்தது.

"நெஞ்சு வலிக்குதாம்மா? மூச்சு வாங்குதா?"

"இல்லையே..."

"எதுக்கும் இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடணும். வீட்டுக்காரர வரச் சொல்லுங்க."

குப்பியம்மாவுக்கு மகள் நினைவுதான் வந்தது. மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அந்தக் குழந்தை முகத்தைப் பார்ப்போமா? கை தன்னால் போனில் கணவரை அழைத்தது.

"இதயமா? உனக்கா?" என்று கத்தினார் பஸ் ஓட்டும் அந்த மனிதர். "காலையில என்கூட சண்டை போட்டியே, நல்லாத்தானே போட்ட! அங்கேயே உக்காரு, நான் வர்றேன்."

உட்கார முடியவில்லை. "என் ரத்தத்த நானே ஒரு தடவ பாக்கணும்" என்று டாக்டரம்மாவுக்குப் பின்னால் இருட்டறைக்குள் போனார்.

விளக்கு எரிந்தது. "எதும்மா என்னோடது, இதுவா?" என்று விரலை நீட்டியவர் வீறிட்டார். விரல் சிவப்பாக எரிந்தது. நகக்கண், ரேகை எல்லாமே.

"ஐயோ, கை வரைக்கும் வந்துடுச்சே!"

டாக்டரம்மாவுக்கும் தூக்கிவாரிப்போட்டது. அந்தக் கையை இழுத்து விளக்கடியில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அம்மா, உங்க ரத்தம் பிடிக்க ஒரு புதுக் குப்பி கொடுத்தேனே, அத என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. என் ரத்தம் போற குப்பியாச்சேன்னு பிரஷ் போட்டு ஒரு தேய் தேய்ச்சுக் கொடுத்தேன்."

"எந்த பிரஷ்?"

கழுவும் தொட்டியிலிருந்து அது வந்தது. துகள் கலந்த குப்பிகளை நாள் முழுக்கத் தேய்க்கும் அதே பிரஷ். அலசியும் போகாமல் அப்பியிருந்த துகளால் விளக்கடியில் அது கொள்ளிக்கட்டை மாதிரி நின்றது.

டாக்டரம்மா தானே ஒரு புதுக் குப்பியைப் பிரித்தாள். மறுபடி ஊசி குத்தினாள். சோதனை முடியும்வரை குப்பியம்மா சுவரோரம் விறைத்து நின்றார். ஆண்டவன் பேரைச் சொல்லப் பார்த்தார், பாதியில் மறந்துபோயிற்று.

கடைசியில் விளக்கு எரிந்தது. அவர் ரத்தம் வைத்த இடம் இருட்டாகவே இருந்தது.

"உங்களுக்கு ஒண்ணுமில்லம்மா!"

கெட்ட செய்திக்கு நிமிர்ந்து நின்றவர் நல்ல செய்திக்குத் துணிபோலச் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். சரியாக அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் கணவர். தரையில் துவண்டு உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்ததும் அவர் போட்ட அலறலில் பக்கத்து அறைக்காரர்கள் எல்லாம் ஓடி வந்தார்கள்.

"கத்தாதீங்க" என்றார் குப்பியம்மா. "நான் நல்லாத்தான் இருக்கேனாம். இப்பத்தான் நெஞ்சு படபடங்குது."